'லூசி' என்று கத்த வேண்டியவன்

ஓரின் வாசெக்கை, முன்வரிசைக்குப் பயிற்சி தரும் லைன் கோச் கிர்ஷ்னர் தன் அறைக்குக் கூப்பிட்டபோது, வேலை போய்விட்டது என்றுதான் ஓரின் நினைத்தான். முப்பத்து மூன்று வயதாகிறது. முந்தைய நாள் ஆட்டத்தில் இரண்டு தடவை மல்லாக்க விழுந்திருந்தான். அப்படிப்பட்ட ஒருவனைத் திங்கட்கிழமை காலையில் வேறு எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. "கோச் கூப்பிடுறாரு, ப்ளேபுக்கை எடுத்துட்டு வா" என்று ஆள் வந்து சொன்னால் சீட்டு கிழிந்தது என்று அர்த்தம். ஓரினிடம் வந்தவன் ப்ளேபுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் அந்த ஆட்ட வியூகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் போனான்.

கிர்ஷ்னர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே? கீழ வை. நம்ம செண்டர் ஃபெட்டுவுக்குக் கழுத்துல டிஸ்க் நழுவிடுச்சு. அவனுக்கு இந்த சீசன் அவ்வளவுதான். இனிமே வரிசைக்கு நடுவுல நீதான் செண்டர்."

ஓரின் தலையாட்டினான்.

"பந்தைக் காலுக்கு நடுவுல பின்னால குடுக்கிறது பத்து நாள்ல பழகிரும். அதைப் பத்தி எனக்குக் கவலையில்ல. கத்துறதுதான் விஷயம். எதிராளி எப்படி நிக்கிறான்னு பார்த்து நீதான் சொல்லணும். 'லூசி'ன்னா முன்வரிசை அஞ்சு பேரும் இடது பக்கம் நகரணும், 'ராக்கி'ன்னா வலது பக்கம். நீ சொன்னாத்தான் மத்தவன் அசைவான். இத்தனை வருஷமா கேட்டுட்டு இருந்தவன்தானே, இனிமே சொல்றவன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"சரி கோச்" என்றான் ஓரின்.

வெளியே வந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தாடை இறுகியது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. எவ்வளவு தள்ளியும் 'லூசி' வெளியே வரவில்லை.

ஓரினுக்குத் திக்குவாய். அணியில் ஒருவருக்கும் அது தெரியாது. 'ஊமைக் கரடி' என்று அவனுக்குப் பட்டப்பெயர். பேச்சுப் பிடிக்காதவன், வடக்கத்தி ஆள், அவர்களெல்லாம் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். நிருபர்கள் ஓரிரு வருஷம் வந்து மைக்கை நீட்டிப் பார்த்து, தோளைக் குலுக்குவதைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல், பிறகு அவன் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், காகித ஆலையின் நாற்றம் துணிமணியில்கூட ஏறியிருக்கும் ஒரு ஊரில் அவன் பிறந்தான். நான்கு வயதில் ஆரம்பித்தது திக்கல். 'ல'வும் 'ந'வும் மோசம். மற்ற எழுத்துகள் அவன் பயப்படும் நாட்களில் மோசம். பள்ளியில் பாடம் வாசிக்கச் சொல்லும் நாட்களில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான். உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது, கதவை அடைக்கிற அளவுக்கு வளர்ந்திருந்த பையனைப் பார்த்து ஆட்ட வாத்தியார் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தார், ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தார், முன்வரிசையின் ஓரத்தில் டேக்கிளாக நிறுத்தினார். பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய வருகிறவனைத் தடுக்க வேண்டும், அவ்வளவே வேலை. அந்த இடத்தில் நிற்கிறவன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று ஓரினுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவன் மற்றவர்களைவிட அதிகம் உழைத்தான். கல்லூரியில் டேக்கிள். டொலீடோவுக்கு வந்தும் நான்கு வருஷம் டேக்கிள். கால் கொஞ்சம் மந்தமானதும் ஒரு இடம் உள்ளே தள்ளி கார்டாக நிறுத்தினார்கள். ஓரத்தில் வேகக்காரர்களோடு ஓட முடியாதவன், நடுவில் கனத்த ஆட்களோடு முட்டிக்கொள்ளலாம். முன்வரிசை ஆட்களுக்கு வயது அப்படித்தான் ஏறும், வெளியிலிருந்து உள்ளே. இப்போது இன்னும் ஒரு இடம் உள்ளே தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் தள்ளுவதற்கு இடம் கிடையாது.

அவன் மனைவி நடீன் பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். ஆட்டத்தில் உடைந்த கடைவாய்ப் பல்லோடு போனபோதுதான் அவளைப் பார்த்தான். வாய்க்குள் அவள் கை இருந்ததால் பேசத் தேவையில்லாமல் போயிற்று. வேலை முடிந்ததும் அவள் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொல்லத் தொடங்கி நடுவில் சிக்கிக்கொண்டான். எல்லோரும் அந்த இடத்தில் ஒன்று பார்வையைத் திருப்புவார்கள், அல்லது அவன் சொல்ல வந்த வார்த்தையைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். நடீன் இரண்டையும் செய்யவில்லை. கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அவள் பெயரும் 'ந'வில்தான் ஆரம்பிக்கிறது. 'டீனி' என்று கூப்பிட்டுச் சமாளித்தான்.

இப்படித்தான் அவன் வாழ்க்கை முழுவதும் சுற்றுப்பாதை. அவனுக்கு வெங்காயம் ஆகாது. ஆனால் கடையில் போய் 'நோ ஆனியன்' என்று சொல்ல முடியாததால் ஹாம்பர்கரை வெங்காயத்தோடே தின்றான். யாருக்கும் அவன் 'நோ' சொன்னதில்லை. சரி என்று தலையை ஆட்டுவான்.

அன்று மாலை கார் ஷெட்டில் நடீன் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் குனிந்து நின்றாள். அவன் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்தான். முதல் பந்து அவள் முழங்காலில் பட்டது. அடுத்தது வாஷிங் மெஷினைப் போய் இடித்தது.

"உங்க குவார்ட்டர்பேக்குக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றாள்.

அவன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. பிறகு அவள், "இப்ப அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

குனிந்த நிலையில் அவன் முயன்றான். சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, வெகுநேரம் முயன்றான். அவள் காத்திருந்தாள்.

"கோச்கிட்ட சொல்லிரு ஓரின். வேற வார்த்தை வச்சுக் குடுப்பாரு."

"வார்த்தையை மாத்த மாட்டாரு. ஆளை மாத்துவாரு."

"கேட்டாத்தானே தெரியும்."

"ஒன்பது வருஷம் மறைச்சாச்சு, டீனி. இப்பப் போயி என்னன்னு சொல்றது?"

அவள் பந்தை எடுத்து மறுபடி அவனிடம் நீட்டினாள். அவனை அவசரப்படுத்தினால் திக்கல் கூடும் என்பது அவளுக்குத் தெரியும்.

பயிற்சியில் அவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். முன்னால் ஒரு 'அ' போட்டு மூச்சோடு சேர்த்து இழுத்தால், "அ...லூசி" என்று பாதிக்குப் பாதி வந்துவிடும். வராத நேரங்களில் அவனைக் காப்பாற்றியது வலப்பக்க கார்டு டீக்.

டேரியஸ் டீக் ஆர்கன்சா மாநிலத்துக்காரன். நல்ல உயரம், பெரிய வாய், குளியலறையில்கூடப் பேச்சு நிற்காது. ஐந்து ஊர்களில் ஐந்து அணிகளில் ஆடிவிட்டு டொலீடோவுக்கு வந்தவன். மகள் இந்த ஊரில்தான் முதல் முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் படிக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். முதல் நாள் பயிற்சியிலேயே ஓரினின் தாடை இறுகுவதைப் பக்கத்தில் நின்றவன் கவனித்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஓரின் சிக்கிக்கொண்டால், எதிராளியைத் தானே ஒரு பார்வை பார்த்துவிட்டு "லூசி, லூசி" என்று டீக் கத்திவிடுவான். செண்டர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் ஓரினின் தோளில் இடித்தான். "ஏண்டா, லூசிங்கிறவ உன் பழைய காதலியா? பேரைச் சொன்னாலே தொண்டை அடைக்குதே."

ஓரினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அட, விடு. எங்க மாமாவுக்கு இருந்துச்சு. அவரு சர்ச்சுல பாடும்போது மட்டும் தண்ணி மாதிரி ஓடும். நீ பாடிக் கீடித் தொலைக்காதே, உன் குரலுக்கு நாங்க நாலு பேரும் ஓடிருவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பக்கத்துலதானே நிக்கிறேன், பார்த்துக்கறேன்" என்றான்.

இரண்டு ஆட்டங்கள் இப்படியே ஓடின. இரண்டும் சொந்த ஊரில். தங்கள் அணியின் கையில் பந்து இருக்கும்போது சொந்த ஊர்க் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது ஆட்டம் டல்சாவில், கூரை போட்ட அரங்கத்தில். அங்கே வெளியூர் அணி பந்தோடு நின்றால் ஜனங்கள் நாற்காலியை உதைத்துக்கொண்டு கத்துவார்கள். அந்தச் சத்தம் கூரையில் முட்டித் திரும்பி வந்து நெஞ்சுக்குள் அதிரும். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும்.

மூன்றாம் கால்பகுதியில் அது நடந்தது. ஓரின் குனிந்து பந்தைப் பிடித்தான். எதிரே நிற்பவர்களைப் பார்த்தான். அவர்களின் பின்வரிசையில் நின்ற ஒருவன் பார்க்காதவன் மாதிரிப் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, ஓரினுக்கும் டீக்குக்கும் நடுவிலிருந்த சந்துக்கு நேராக வந்து நின்றான். ஐந்து பேரும் இடப்பக்கம் நகர்ந்தால் டீக் அந்தச் சந்தை அடைத்துவிடுவான். லூசி. ஓரின் வாயைத் திறந்தான்.

வரவில்லை. முன்னால் 'அ' போட்டான். அதுவும் தொண்டையில் நின்றது. டீக்கைப் பார்த்தான். டீக் தனக்கு எதிரே நின்ற மலையைப் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தான். அந்தச் சத்தத்தில் அந்தக் காதுக்கு எதுவும் எட்டாது. பின்னால் கால்டர், இருபத்து மூன்று வயதுக் குவார்ட்டர்பேக், பந்து கேட்டுக் கையைத் தட்டினான். கடிகாரத்தில் பந்தைக் கொடுக்கத் தந்த நேரம் முடியப்போகிறது. பந்தைக் கொடுக்காமல் நின்றால் அபராதம். ஏன் நின்றாய் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓரின் பந்தைக் கொடுத்துவிட்டான்.

அந்த ஆள் சந்து வழியாகத் தடையில்லாமல் ஓடினான். ஓரின் திரும்பிப் பார்த்தபோது கால்டர் புல்தரையில் கிடந்தான். தோளைப் பிடித்துக்கொள்ளப் போன அவன் கை, தொடப் பயந்து பாதியில் நின்றுகொண்டிருந்தது. காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது கால்டர் ஓரினைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல பெரிசு, எந்திரிச்சு வந்துருவேன்" என்றான். அதைக் கேட்டபிறகு ஓரினால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

மறுநாள் படம் போட்டுப் பார்க்கும் அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். கிர்ஷ்னர் திரைக்கு முன்னால், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தக் காட்சியை முன்னும் பின்னுமாக ஓட்டினார். படத்தில் சத்தம் கிடையாது. கால்டர் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்.

"டீக். இவனை யார் பார்க்கணும்?"

"லூசின்னு வந்திருந்தா நான், கோச்."

"வந்திருந்தா?"

"எதுவும் வரல."

கிர்ஷ்னர் திரும்பவில்லை. "வாசெக், நீ சொன்னியா?"

'நோ' என்ற ஒரு சொல்தான். ஓரின் அதற்காக வாயைத் திறந்தான். நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டியது. உடம்பு முழுவதும் அந்த ஒரு சொல்லைத் தள்ளிற்று. நாற்காலிக் கைப்பிடி கிறீச்சிட்டது. இருட்டில் அவன் இல்லை என்று தலையை ஆட்டினான், பலமாக, மறுபடி மறுபடி. பக்கத்தில் இருந்தவர்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிர்ஷ்னர் கொஞ்சம் காத்திருந்தார். "சரி. அடுத்தது" என்று படத்தை நகர்த்தினார்.

டீக் மட்டும் திரும்பி ஓரினைப் பார்த்தான். திரையின் வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. கோபம் அப்போது இல்லை, காத்திருக்கிற முகம். விளக்குப் போடுகிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான்.

ஓரின் வீட்டுக்குப் போய் நடீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. "காலையில போயி அவர்கிட்டச் சொல்லிரு. நான் வேணும்னா கூட வர்றேன்" என்றாள். அவன் தானே போவதாகச் சொன்னான்.

காலையில் அவன் போனபோது, டீக்கின் லாக்கரில் இருந்தவற்றை உடைமாற்றும் அறைப் பணியாளர் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். டீக்கை ப்ளேபுக்கோடு கூப்பிட்டாயிற்று, அவன் போயும்விட்டான்.

ஓரின் கிர்ஷ்னரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தான். நின்றபடி ஆரம்பித்தான். ஒவ்வொரு சொல்லும் தடுக்கிற்று. கண் மூடி, தலை பின்னால் சாய்ந்து, எச்சில் உதட்டோரம் வழிந்தது. ஒன்பது வருஷம் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் அவர் முன்னால் நின்றது. "டீக் மேல... தப்பு கிடையாது. நான் கத்தல. என்னால முடியல. எனக்கு... இப்படி."

கிர்ஷ்னர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெகுநேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு."

அவன் உட்காரவில்லை.

"நேத்து இருட்டுல நீ இல்லேன்னு தலையாட்டினியே, பார்த்தேன். திரைக்குப் பக்கத்துல ஜன்னல் கண்ணாடி இருக்கு, அதுல தெரிஞ்சுது."

ஓரினுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "தெரிஞ்சும் அவனை..."

"மேல இருக்கிறவங்க ஒரு தலை கேட்டாங்கடா. அத்தனை விலை குடுத்து வாங்கின பையன் எலும்பு உடைஞ்சு கிடக்கான், லைன்ல யாராவது போயே ஆகணும்னாங்க. எங்கிட்ட கார்டு மூணு பேரு இருக்கான். செண்டர் நீ ஒருத்தன்தான். யாரைக் குடுப்பேன், சொல்லு." குரல் உயரவில்லை. "ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துச்சுங்கிறே?"

"அவனைத் திருப்பிக் கூப்பிடுங்க."

"கையெழுத்து ஆயிருச்சு. இனி கூப்பிட முடியாது." அவர் ப்ளேபுக்கைத் திறந்தார், மூடினார். "ஏன்டா சொல்லல? வெறும் வார்த்தைடா அது. லூசி வராதுன்னா 'பீட்சா'ன்னு வச்சிருப்பேன். 'பூனை'ன்னு வச்சிருப்பேன். ஒரு நிமிஷ வேலை."

ஓரின் சுவரைப் பிடித்துக்கொண்டான். திட்டியிருந்தால், வெளியே போ என்றிருந்தால் தாங்கியிருப்பான். ஒரு நிமிஷ வேலை என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக டீக்கின் வீட்டுக்குப் போனான். வாடகை வேன் ஒன்று வாசலில் பின்புறமாக நின்றிருந்தது. டீக்கின் மனைவி ரெனீட்டா நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவனைக் கண்டதும் நின்று, உள்ளே பார்த்து, "உன் ஆளு வந்திருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

டீக் வெளியே வந்தான். வாசல்படியிலேயே நின்றான்.

"கோச்கிட்ட சொல்லிட்டேன்" என்றான் ஓரின்.

"எப்ப?"

"இப்ப. காலையில."

"காலையில." டீக் அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்ப்பதுபோல் சொன்னான். "நேத்து அத்தனை பேரு இருந்தாங்க. ஒரு சொல்லு. நீ திக்கித் திக்கிச் சொல்லியிருந்தாக்கூட ராத்திரி வரைக்கும் உக்காந்து கேட்டிருப்பேன்டா நான். யாரையும் எந்திரிக்க விட்டிருக்க மாட்டேன்."

"முயற்சி பண்ணினேன்."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன். நீ வாயைத் திறந்ததும் தெரியும், மூடினதும் தெரியும். மூடினப்புறம் விளக்குப் போட்டாங்க. வெளிச்சத்துலயும் உக்காந்துதான் இருந்தே."

அது உண்மை. விளக்குப் போட்ட பிறகும் அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"பெட்டி தூக்கவா?" என்றான் கடைசியில்.

"வேண்டாம்."

"டீக்..."

"போடா. மதியம் என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்துருவா. அவகிட்ட நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்."

அடுத்த ஆட்டத்துக்குக் கிர்ஷ்னர் வார்த்தைகளை மாற்றினார். லூசிக்குப் பதில் 'பூனை', ராக்கிக்குப் பதில் 'காக்கா'. புதன்கிழமை ஓரினுக்கு இரண்டும் தண்ணீர் மாதிரி வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் 'பூனை'யும் சிக்க ஆரம்பித்துவிட்டது. எந்தச் சொல்லை நம்பி ஒருவனுடைய எலும்பு இருக்கிறதோ, அந்தச் சொல்லில் போய் பயம் உட்கார்ந்துகொள்கிறது. எதை மாற்றினாலும் அதுவும் கூடவே வந்தது. இது எந்தக் கோச்சாலும் ஒரு நிமிஷத்தில் மாற்றக்கூடியது இல்லை என்று ஓரினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போகும்போது அவன் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தான். சொல் வெளியே வராமல் பந்து கையை விட்டுப் போகாது.

முதல் பாதியிலேயே இரண்டு தடவை கடிகாரம் ஓடிப்போய், ஐந்து கஜம் பின்னால் தள்ளும் அபராதம் விழுந்தது. மாற்றுக் குவார்ட்டர்பேக் பின்னாலிருந்து கத்தினான். சொந்த ஊர்க் கூட்டம் ஊளையிட்டது. எதிரே மூக்குக்கு மூக்கு நின்ற தடியன் மூன்றாவது முறையில் கண்டுபிடித்துவிட்டான். "பூ... பூ... பூ..." என்று உதட்டைக் குவித்துக் காட்டிப் பக்கத்தில் இருந்தவனையும் சிரிக்கவைத்தான். அடுத்து முழு வரிசையும் "பூ... பூ..." என்றது. ஓரின் அவர்களைப் பார்த்துக்கொண்டே, கழுத்து நரம்பு வெடிக்கும்போல, அந்தச் சொல்லை இழுத்து வெளியே போட்டான். பிறகுதான் பந்தைக் கொடுத்தான்.

களத்தின் ஓரத்தில் கிர்ஷ்னர் அவன் ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார். "அஞ்சு கஜம், மறுபடி அஞ்சு கஜம். என்னதான்டா நினைச்சுட்டு இருக்கே?"

"வார்த்தை வராம பந்தைக் குடுக்க மாட்டேன், கோச். வேணும்னா என்னை எடுத்துருங்க."

எடுக்க அவரிடம் வேறு ஆள் இல்லை.

செய்தி வெளியே வந்துவிட்டது. ரேடியோவில் ஒருவன் அவனைப்போலவே பேசிக்காட்டினான். ஹாம்பர்கர் கடையில் வரிசையில் நின்றவர்கள் அவனுக்காகக் கை தட்டினார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. நடீன் வேலை செய்யும் இடத்தில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒரு கிழவர் அதைப் பற்றிக் கேலி செய்ய, அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். சில காலைகளில் ஓரின் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மறுத்தான். அவள் அவன் காலணிகளைக் கட்டில் பக்கம் கொண்டுவந்து வைப்பாள். அவன் போவான்.

அந்த சீசன் முழுக்க அவன் ஆடினான். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. டீக் இருந்த இடத்தில் நின்ற புதுப் பையன் ஓரினோடு பேசவே பயந்தான். அபராதப் பட்டியலில் ஓரினுக்குத்தான் முதலிடம். கால்டர் கோடையில் திரும்பி வந்தான். ஆனால் அவன் வீச்சில் பழைய வேகம் இல்லை. பெஞ்சில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனான்.

ஃபெட்டுவின் கழுத்து சரியானதும், அந்த சீசன் முடிந்த வசந்தத்திலேயே ஒருநாள் ஆள் வந்து, "கோச் கூப்பிடுறாரு, ப்ளேபுக்கை எடுத்துட்டு வா" என்றான். கிர்ஷ்னர் கை கொடுத்தார். வேறு எந்த அணியும் அழைக்கவில்லை. நிற்கும் இடத்திலேயே அபராதம் வாங்கித்தரும் செண்டர் யாருக்கு வேண்டும்?

இப்போது ஓரின் டொலீடோவுக்குத் தெற்கே ஒரு மரக்கிடங்கில் வேலை பார்க்கிறான். பலகை கேட்டு வருகிறவர்களோடு பேச வேண்டும். தொலைபேசியையும் எடுக்க வேண்டும், அவனுக்கு உலகத்திலேயே கடினமானது அதுதான். திக்கும்போது மறுமுனையில் உள்ளவர்கள் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள். அவன் திரும்ப அழைப்பான்.

டீக்கை எந்த அணியும் எடுக்கவில்லை. இரண்டு இடங்களில் சோதனைக்குக் கூப்பிட்டார்கள், படத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். அந்தப் படத்தில் சத்தம் கிடையாது, சந்து திறந்து கிடப்பதும் டீக் நகராமல் நிற்பதும்தான் தெரியும். லிட்டில் ராக்கில் மச்சினனோடு சேர்ந்து கூரை வேய்கிறான் என்று ஃபெட்டு சொன்னான். எண்ணையும் அவன்தான் கொடுத்தான்.

ஓரின் முதல் தடவை அழைத்தபோது ரெனீட்டா எடுத்து, அவன் மூச்சைக் கேட்டு, வைத்துவிட்டாள். பிறகு பல மாதம் அழைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், நடீன் துணி மடித்துக்கொண்டிருக்கையில், மறுபடி அழைத்தான். இந்த முறை டீக் எடுத்தான். ஓரின் சிக்கிக்கொண்டான். மறுமுனையில் சுத்தியல் அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. டீக் வைக்கவில்லை.

"அந்த இரண்டு அணிக்கும் நான் போன் பண்ணினேன்" என்றான் ஓரின் கடைசியில். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "படத்தைப் பத்திச் சொன்னேன். யார் தப்புன்னு. பிரயோஜனம் இல்ல. உனக்கு அது தெரியணும்."

"எப்ப பண்ணினே?"

"போன வருஷம். பல தடவை. பாதியிலேயே வச்சிருவாங்க."

"என் மனசு இன்னும் ஆறலடா" என்றான் டீக். "ஆறும்னும் தோணல."

"சரி."

"மேல ஆளு நிக்கிறான், நான் போகணும்."

"சரி" என்றான் ஓரின் மறுபடி. இணைப்பு அறுந்தது. நடீன் மடித்த துணியை மடியில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள்.